ஆணியில் தொங்கிய பேட்ஜ்

அக்கா என் கூடப் பிறந்தவளில்லை. ஒரே எக்ஸ்ரே அறையில் பதினாலு வருஷமாக இரண்டு பேரும் மாரடிக்கிறோம், அவ்வளவுதான். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை கலைந்து, இப்போது மூன்றாவது. நாலாம் மாதம் தொடங்கும் வரை என்னிடம்கூட மூச்சுவிடவில்லை. வாய்விட்டுச் சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று பயம்.

பார்க்கிறவர்களுக்கு எங்கள் வேலை பொத்தான் அமுக்குவது. எக்ஸ்ரே குழாய்க்குள் நடப்பது வேறு. எலெக்ட்ரான்கள் தலைதெறிக்க ஓடிவந்து டங்ஸ்டன் உலோகத் தகட்டுக்குள் பாயும். அங்கே அணுக்கரு பிடித்திழுக்க, வேகம் சட்டென்று குறையும். இழந்த வேகம்தான் கதிராக வெளியே வருகிறது. அதுவும் நூற்றில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் வெறும் சூடு. எங்கள் உழைப்பும் அந்த லட்சணம்தான்.

கதிர் எங்கள் மேல் எவ்வளவு பட்டது என்று அளக்க ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு. நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும். இந்தத் தடவை அக்காவுடையதில் வரம்பைப் போல ஆறு மடங்கு. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி கடிதத்தை நீட்டியதும் அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். அந்த மூன்று மாதமும் பிள்ளை வயிற்றில்.

பேட்ஜை எங்கே வைத்திருந்தீர்கள் என்று அதிகாரி கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நோயாளியைப் பிடித்துக்கொள்ளும்போது மட்டும் கதிரைத் தடுக்கும் ஈயக் கோட்டு போடுவோம். மற்ற நேரம் கதிர் புகாத கண்ணாடிக்குப் பின்னால் நிற்போம். மூன்று மாதத்துக்கு முன்னால், தினமும் பேட்ஜைக் குத்திக் கழற்ற முடியவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். கோட்டு காலரிலேயே குத்திவிடு என்று யோசனை சொன்ன மகராசி நான். கோட்டு தொங்குவதோ எக்ஸ்ரே மேஜையை ஒட்டிய ஆணியில். ஒவ்வொரு படத்துக்கும் கதிர் தெறிக்கிற இடம். அவள் மேல் படாததையெல்லாம் பேட்ஜ் வாங்கியிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அதிகாரி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, "இந்த அளவு செல்லாது" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்கா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ எங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு பட்டுச்சு சார்?"

"ரொம்பக் கம்மியாத்தாம்மா இருக்கணும்."

"அளந்தது இருக்கா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். இன்னும் ஐந்து மாதம் அவள் இதற்குப் பதில் தெரியாமல் தூங்கி எழ வேண்டும்.