பூஜைக்குப் போன கியர் பாக்ஸ்

வாழையிலையில் பரப்பி வைத்திருந்த என் காரின் கியர் பாக்ஸ்தான் முதலில் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம், நடுவில் பொரியும் கடலையும். கொலுவில் பொம்மை வைப்பது போலப் பெரியது பின்னால், சின்னது முன்னால் என்று அழகாக அடுக்கியிருந்தார்கள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. குரோம்பேட்டை மெக்கானிக், கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார். இது என் மனைவியின் அண்ணன் காதில் விழுந்ததுதான் வினை. மச்சானுக்கு ஏதோ ஒரு ஆபீசில் கணக்குப் பார்க்கிற வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எதையாவது பிரித்துப் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் முடிந்து, கார்தான் பாக்கி. "விடுங்க மாப்ள, நாமளே பிரிச்சுப் பார்த்துடலாம். வீடியோல எல்லாம் தெளிவா காட்றான்" என்றார். எனக்கு இருந்தது அந்த ஒரே பழைய கார். நடக்க முடியாத என் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அதை விட்டால் வேறு வழி கிடையாது. அப்படியிருந்தும் தலையாட்டினேன். அவர் குழைந்து பேசினால் யாருக்கும் மறுக்க வராது.

சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருவில் அவர் வீடு. என் வண்டி ஜாக்கியின்மேல் ஏறி, கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் அவருடைய புதுக் கார் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அவர் பாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஆபீஸ் போய்வந்தார். கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே பழைய பேப்பரின்மேல் வைத்தோம். அதில் சில பித்தளை வளையங்கள் இருந்தன. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் சக்கரத்தோடு சேர்ந்து தேய்ந்து பழகியது, இடம் மாறினால் கியர் சரியாக விழாது. இதை வீடியோவில் பார்த்து எனக்கு எச்சரித்ததே மச்சான்தான்.

வீட்டில் எச்சரிக்க மறந்துவிட்டார். ஆயுத பூஜை வந்தது. மச்சானின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பித்தளையைப் பார்த்தால் அக்கா கை சும்மா இருக்குமா? பேப்பரில் இருந்ததையெல்லாம் ஒன்றாக அள்ளி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று சாமி முன்னால் வைத்துவிட்டார். "எண்ணெய்ப் பிசுக்கோட எப்படிப் படைக்கிறது? ஆயுதம்னா இதுவும்தானே?" என்று என்னையே கேட்டார். மச்சான் ஒரு வளையத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, "புதுசு மாதிரி ஆயிடுச்சு மாப்ள" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஸ்பேனரைத் தொடவும் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறெல்லாம் ஒரே கூத்துதான். மாட்டுவோம், மூன்றாவது விழாது. இறக்கி, வளையத்தை மாற்றி மறுபடி மாட்டுவோம், இரண்டாவது விழாது. மறுபடி இறக்குவோம். "பேஜார் புடிச்ச வேலை, நான் இழுத்துக்கிட்டுப் போய் மெக்கானிக்கிட்டயே விடறேன்" என்று கத்தினேன். "இன்னும் ஒரே ஒரு ஞாயிறு மாப்ள" என்பார். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறபோதெல்லாம் அவரை மனசுக்குள் வறுத்தெடுத்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஏரி நிரம்புகிறது என்று பேச்சு வந்தாலே எங்கள் பக்கத்து ஜனம் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடும். என் வண்டியோ கியர் பாக்ஸ் இல்லாமல் நின்றது. மாடம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து மச்சானுக்குப் போன் போட்டேன். "என் வண்டியை ஓரமாத் தள்ளிட்டு உங்களுத முதல்ல எடுங்க." "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

மழை சற்று விட்டதும் பாலத்துக்குப் போனேன். வரிசையின் கடைசியில் என் கார், டயருக்கு அணையாகக் கல் வைத்து நின்றது. பக்கத்தில் தொப்பலாக நனைந்த மச்சான். தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலிருந்து பாலம் வரை கையால் தள்ளியே கொண்டுவந்திருக்கிறார்.

"உங்க வண்டி எங்க?"

"வீட்லதான். நான் திரும்பிப் போறதுக்குள்ள சீட்டு முழுகிடுச்சு."

"முதல்ல உங்களுத எடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"என்னுது ஓடற வண்டி, எப்ப வேணா எடுத்துக்கலாம்னு இருந்துட்டேன். உங்களுதுதானே ஓடாது" என்றார். பிறகு, "அம்மாவுக்கு வேணுமே" என்றார்.

இப்போது அவர் கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். கியர் பாக்ஸைக் கடைசியில் மெக்கானிக்தான் சரிசெய்தார். அந்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டை ஆத்திரம் தீர யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று பலமுறை ஆரம்பித்திருக்கிறேன். பேச்சு பாலத்துக்கு வந்ததும் எனக்குத் திட்ட வருவதில்லை.