சத்தமில்லாத வள்ளம்

பெற்றோல் விலை கூடினதிலை ஸ்காபரோ முழுக்கப் புறுபுறுப்பு. "அப்பா, காத்திலை எடுக்கிற கரண்டிலை கார் ஓடுமாம். சத்தமே வராதாம்," எண்டாள் மகள்.

காத்தெண்டவுடனை ஊரிலை என்ர ஐயா மீன்பிடிக்கப் போற வள்ளம்தான் ஞாபகம் வந்தது. நான் சின்னனாயிருக்கேக்கை மண்ணெண்ணை விலை ஏற, ஐயா எஞ்சினைக் கழட்டிப்போட்டுப் பாய் கட்டினவர். முந்தி எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவா. பாய்க்கு ஏது சத்தம்? ஆள் வாறாரோ இல்லையோ எண்டு விடியவே கரையிலை போய் நிப்பா. அதைக் கண்ட ஐயா, தூரத்திலையே பாடிக்கொண்டு வரத் தொடங்கினார். மீனெல்லாம் பயந்தோடுற குரல். அம்மா மட்டும் சிரிச்சுக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவா.

அதே குரல்தான் எனக்கும். "அந்தக் கார் வாங்கினா நானும் பாடிக்கொண்டுதான் வருவன்," எண்டன்.

குசினியிலையிருந்து என்ர மனுசி சொன்னா: "ஐயோ, பழைய காரே இருக்கட்டும். அது இருமிக்கொண்டு றோட்டாலை திரும்பேக்கையே நான் தேத்தண்ணி வைக்கிறனான்."