சார் இருக்காரா?

அவளுக்குக் குரல் கட்டை. சளி பிடித்ததால் வந்த கட்டை இல்லை, பிறவியிலேயே அப்படி. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைச்சா போதும்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் போன் அடித்தால் அவள் எடுப்பதை அம்மா விரும்ப மாட்டாள். யாரோ ஆம்பளை எடுத்தான் என்று உறவுக்காரர்கள் வைத்துவிடுகிறார்களாம். கல்யாணமான புதிதில் அவள் கணவனே லேத்துப் பட்டறையிலிருந்து கூப்பிட்டு, அவள் "ஹலோ" என்றதும் "ராங் நம்பருங்க" என்று வைத்திருக்கிறான்.

விவசாயத்தில் டிப்ளமோ படித்தவள். வயலில் இறங்கி வேலை செய்யலாம் என்று கனவு கண்டாள். கிடைத்ததோ நாற்காலி. பெண் விவசாயிகளுக்கென்று ஆரம்பித்த தொலைபேசி ஆலோசனை மையம் அது. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். பிளைவுட் தடுப்புக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர், காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். பூச்சி, நோய், உரம், சந்தை விலை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் எல்லோரும் அவளை "சார்" என்றார்கள். ஆரம்பத்தில் "சார் இல்லீங்க, மேடம்" என்று திருத்திப் பார்த்தாள். மறுமுனையில் பதறி மன்னிப்புக் கேட்பார்கள். அதற்கு சாராகவே இருந்துவிடலாம் என்று தோன்றும்.

ஒருநாள் ஒரு தக்காளிக்காரி கூப்பிட்டாள். பக்கத்து வயலையும் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட வேண்டும் என்று கணவன் ஒற்றைக் காலில் நிற்கிறானாம். அதற்குக் கறவை மாட்டை விற்கப் போகிறானாம். இவள் அன்றைக்கும் திருத்தப் பார்த்து, "நான் மேடம் பேசறேங்க" என்று தொடங்கினாள்.

தக்காளிக்காரியின் குரல் சட்டென்று தணிந்தது. "மெதுவா பேசுங்க. சாராவே இருங்க. அவரு கை கழுவப் போயிருக்காரு, வந்ததும் ஸ்பீக்கர்ல போடறேன்."

யோசிக்க நேரம் இல்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"வணக்கங்க. குத்தகை எவ்வளவு பேசியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அதற்கு மட்டும் கணவனிடம் உடனே பதில் வந்தது. நாற்று எத்தனை, குச்சி ஊன்ற எவ்வளவு, மருந்து எத்தனை தடவை, பறிக்கிற கூலி, பெட்டி வாடகை, வண்டிக்கூலி என்று அவள் கேட்கக் கேட்க அவர் இழுத்தார். ஒவ்வொரு இழுவைக்கும் பின்னால் தள்ளி நின்ற மனைவியின் குரல் பதில் சொன்னது. இவள் எல்லாவற்றையும் கூட்டினாள்.

"இவ்வளவு செலவையும் கிடைக்கப்போற பெட்டிக் கணக்குல வகுத்துப் பாத்தா, ஒரு பெட்டி இந்த விலைக்குக் கீழ போனா உங்க கையைக் கடிக்கும். இன்னைக்கு விலை அதுக்கு மேலதான் இருக்கு. ஆனா உங்க காய் பழுக்கும்போது, இன்னைக்கு விலையைப் பாத்து நாத்து வாங்கின எல்லார் காயும் பழுக்கும். அப்ப விலை விழுந்தா தாங்க மாடும் இருக்காது."

அவர் அந்த விலையை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரிங்க சார்" என்றார் அவர்.

மறுநாள் தக்காளிக்காரி மறுபடி கூப்பிட்டாள். மாடு தப்பித்தது. "நீங்க சொன்னதைத்தான் நான் போன வாரமே சொன்னேன். அப்ப காதுல ஏறல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

விஷயம் வாய்வழியாகப் பரவியது. "கட்டைக் குரல் சார் இருக்காரா?" என்று கேட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நோய் இருக்கிறதோ இல்லையோ வாரம் தவறாமல் மருந்தடிக்கும் மாமனாருக்கு, "சார், கொஞ்சம் அதட்டியே சொல்லுங்க" என்று ஒரு மருமகள் ஸ்பீக்கரைப் போட்டாள். இன்னொருத்தி, தங்கள் கிணற்றுத் தண்ணீர் மிளகாய்க்கு ஆகாது என்று கொழுந்தனிடம் சொல்லச் சொன்னாள்.

"தண்ணியை டெஸ்ட் பண்ணீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு சார், நீங்க சொன்னா போதும்."

"டெஸ்ட் பண்ணாம சொல்ல மாட்டேங்க."

கூப்பிட்டவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அந்த மாடியில் உட்கார்ந்து பேசும் ஆறு பேரும் பெண்கள். யாருடா அந்த சார் என்று சூப்பர்வைசர் தலையைச் சொறிந்து, கடைசியில் கண்டுபிடித்துச் சிரித்தார். அழைப்புகள் கூடியிருந்ததால் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். வீட்டில் கணவன், "சார், சாப்பாடு ஆச்சா?" என்று கேட்க ஆரம்பித்தான். அவளுக்கு உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. ஒரு விஷயத்தை ஒரே தடவை சொன்னால் போதும் என்பது அவளுக்குப் புது அனுபவம்.

அந்தப் பருவத்தில் தக்காளி விலை விழவில்லை. தொலைவில் எங்கோ நோய் வந்து தோட்டம் தோட்டமாகக் கருகிப்போக, இங்கே விலை இன்னும் ஏறியது. அந்தக் குத்தகை வயலை வேறொருவன் எடுத்துத் தக்காளி போட்டிருந்தான். அவன் புது பைக் வாங்கினான்.

தக்காளிக்காரியின் கணவர் நேராக மாடியேறி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை.

"சாரைப் பாக்கணும்."

பக்கத்து சீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு இவளைக் கை காட்டினாள். அவர் இவளைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் யாரையோ தேடினார்.

"உக்காருங்க" என்றாள் இவள்.

குரலைக் கேட்டு அவர் அப்படியே நின்றார். "நீங்களா?"

"நான்தாங்க."

"வீட்டுல அவளுக்குத் தெரியுமா?"

"முதல்லயிருந்தே தெரியும்."

அவர் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்தார், தரையில் வைத்தார், மறுபடி மடியில் வைத்தார். "ரெண்டு பேரும் சேந்து ஏமாத்திட்டீங்க."

"குரல்ல ஏமாத்தினேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கணக்குல ஏமாத்தல."

"அந்த வயலை எடுத்தவன் பைக் வாங்கிட்டான்."

"அந்த நோய் இந்தப் பக்கம் வந்திருந்தா?"

"வரலையே."

"வரல" என்றாள். மாட்டை விற்று இறங்கச் சொல்ல அன்றைக்கும் மனம் வந்திருக்காது, இன்றைக்கும் வராது. ஆனால் பைக்கைப் பார்த்துக்கொண்டு இருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது? கடைசியில், "அந்தக் கணக்குல குத்தகையைத் தவிர மத்ததெல்லாம் உங்க வீட்டம்மா சொன்னதுதாங்க. நான் கூட்டி வகுத்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

அவர் எழுந்து போனார். படியில் பாதி தூரம் இறங்கி, மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தார். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து ஓய்ந்த பிறகு, "நீ சாரா இருக்கற வரைக்கும் அந்தம்மா பேச்சு அவங்க வீட்டுல எடுபடாதில்ல?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டான். அவளுக்கு அது முள்ளாகக் குத்தியது. இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு அழைப்பையும், "வணக்கம், மேடம் பேசறேன்" என்று ஆரம்பித்தாள். சில பெண்கள் கோபித்துக்கொண்டார்கள். "காரியத்தைக் கெடுத்துட்டீங்களே" என்று அந்த மருமகள் வெளிப்படையாகவே திட்டினாள். கணவன்மார்களும் மாமனார்களும், "வேற சார் யாராவது இருந்தா குடுங்கம்மா" என்றார்கள். "யாரும் இல்லீங்க. ஏக்கருக்கு எத்தனை நாத்து நட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்பாள். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்ல வேண்டிவந்தது. மாலையில் தொண்டை கட்டிக்கொண்டது. அழைப்புகள் குறைந்தன. சூப்பர்வைசர் முகம் சுருங்கியது, பிறகு பழகிக்கொண்டார்.

அடுத்த நடவுக்கு முன்னால் தக்காளிக்காரி கூப்பிட்டாள். பக்கத்தில் கணவரும் இருந்தார். வயல் முழுக்கத் தக்காளி என்றார் அவர், பாதி போதும் என்றாள் மனைவி. உரத்துக்கு எவ்வளவு என்பதில் பேச்சு முற்றி, இருவரும் போனை மறந்து ஒருவரையொருவர் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். இவள் நடுவில் புகவில்லை. அவர் சொன்ன கூலி குறைவு என்று ஓரிடத்தில் மட்டும் சொன்னாள். "அது சரிதான்" என்று அவர் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார்.

கடைசியில் பாதித் தக்காளி, பாதி வெண்டை என்று முடிவானது. அந்த வருஷம் அவர்களுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஒரு மூலையில் செடிகளுக்கு இலை சுருண்டபோது, பார்த்த அன்றே பிடுங்கி எரித்ததால் மிச்சம் பிழைத்தது. மாட்டுக்கு ஒரு கன்று.

அதன் பிறகும் தக்காளிக்காரி பருவத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுவாள். போன தடவை பேச்சு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மேடம், வெண்டைக்கு வரிசை இடைவெளி எவ்வளவு விடறதுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததையெல்லாம் நாங்களே சண்டை போட்டு முடிச்சிட்டோம்."