மூக்கும் முள்ளும்

பட்டறையில் அவரை மூக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பானெட்டைத் திறக்கும் முன்பே, ஆயில் எரிகிறதா, ஒயர் கருகுகிறதா, பெட்ரோல் கசிகிறதா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடம் அந்த மூக்கை வைத்துத்தான் குடும்பம் நடந்தது. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போனது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் கண்டுபிடித்தவள் மனைவி. "பால் அடிப்பிடிச்சு வீடே நாறுது, நீங்க என்னடான்னா ரசிச்சுக் குடிக்கிறீங்க!" என்றாள். டாக்டர், வாசனை திரும்ப வரலாம் என்றார், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்லவா இத்தனை வருடம் படித்தார் என்று மூக்குக்கு ஆத்திரமாக வந்தது. பட்டறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு நாள் சைலன்சரைப் பற்றவைக்க வெல்டிங் மிஷினை ஒரு வண்டியிடம் இழுத்துக்கொண்டு போனார். டாங்கிலிருந்து பெட்ரோல் சொட்டி, வண்டிக்கு அடியில் தரையெல்லாம் பரவியிருந்தது. வாசலில் நின்ற முதலாளிக்கு நாற்றம் அடித்தது. ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"பட்டறையையே கொளுத்தியிருப்பியேப்பா!" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை; வர்ற திங்கட்கிழமையிலிருந்து வண்டி கழுவும் ஷெட்டுக்குப் போ என்றார். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வேறு வாங்கிக் கொடுத்தார்.

முதலாளி பக்கம் நியாயம் இருக்கிறது என்று மூக்குக்கும் தெரியும். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதைவிடக் கொடுமை, அன்றிலிருந்து யாரும் அவரை மூக்கு என்று கூப்பிடவில்லை. 'அண்ணே', 'சார்' என்று திடீர் மரியாதை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் பூட்ஸைப் பார்த்த மனைவி கேட்டாள்: "மூக்கு போச்சுன்னா போகட்டும். தரை நனைஞ்சு கெடந்ததே, கண்ணு எங்க போச்சு?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. மறுநாள் அவர் பையில் ஒரு சுருள் டிஷ்யூ பேப்பர் இருந்தது. எந்த வண்டியைத் தொட்டாலும், பெட்ரோல் போகும் குழாயின் இணைப்பு ஒவ்வொன்றிலும் பேப்பரைச் சுற்றி, என்ஜினை ஓடவிட்டு, நனைகிறதா என்று பார்த்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று சுற்றிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை கிளச்சம்மாவின் வண்டி மூன்றாம் தடவையாக வந்து நின்றது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அம்மா, தெருவெல்லாம் கேட்கும்படி "கிளச்! கிளச்!" என்று கத்துவதால் வந்த பெயர். இன்ஜெக்டர் வழியாக என்ஜினுக்குள் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அந்தப் பழைய வண்டியில் கெட்டுப்போயிருந்தது. அதே பொருள் கிடைக்காமல், மீசை என்கிற மெக்கானிக் வெளியே தனியாக ஒரு ரெகுலேட்டரை மாட்டிக் கொடுத்திருந்தார்.

"கத்துக்க வர்றவங்க ஒரு கையில மூக்கையும் ஒரு கையில ஸ்டீயரிங்கையும் பிடிச்சுக்கிட்டு ஓட்டுறாங்க. அவ்வளவு பெட்ரோல் நாத்தம். இன்னிக்கும் சரி பண்ணலைன்னா வண்டிய இங்கயே போட்டுட்டுப் போயிடுவேன்" என்றார் கிளச்சம்மா.

முதலாளி முகர்ந்தார். மீசை முகர்ந்தார். "பின்னாடிதான் லீக்கு" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு டாங்குக்கு அடியில் போய்ப் படுத்தார்கள். அரை மணி நேரம் தேடினார்கள்.

மூக்குக்கு எந்தப் பக்கமும் நாறவில்லை. அதனால் அவர் முன்னாலிருந்து பின்னால் வரை எல்லா இணைப்பிலும் பேப்பரைச் சுற்றினார். என்ஜின் பத்து நிமிடம் ஓடியது. ஒரு பேப்பர்கூட நனையவில்லை.

"லீக்கே இல்ல" என்றார்.

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று வண்டிக்கு அடியிலிருந்து மீசையின் குரல் வந்தது. அந்த 'அண்ணே' நாராசமாக விழுந்தது.

மூக்கு என்ஜினை நிறுத்தி, சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்தார். கரிச்சட்டியைத் தொட்ட மாதிரி கறுப்பு. உள்ளே போகிற பெட்ரோல் அதிகம்; முழுக்க எரியாமல் பின்னால் வந்து நாறுகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்து ரெகுலேட்டரில் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தார். முள் நாற்பத்து மூன்றில் நின்றது. அந்த வண்டியின் புத்தகத்தில் போட்டிருப்பதும் நாற்பத்து மூன்றுதான்.

அப்போதுதான் ரெகுலேட்டர் தலையில் மாட்டியிருந்த சின்ன ரப்பர் ட்யூப் கண்ணில் பட்டது. என்ஜின் இழுக்கிற இழுப்புக்குத் தக்கபடி அழுத்தத்தைக் குறைக்கிற ட்யூப்.

"மீசை, நீ அழுத்தம் செட் பண்ணும்போது இந்த ட்யூப் மாட்டியா இருந்துச்சு?"

"மாட்டித்தானே ஓட்டணும்?"

"ஓட்டும்போது மாட்டணும். செட் பண்ணும்போது கழட்டணும். புத்தகத்துல போட்டிருக்கிறது ட்யூப் இல்லாத கணக்கு. இங்க வந்து பாரு."

ட்யூபைப் பிடுங்கி, என்ஜின் பக்கத்து ஓட்டையை விரலால் அடைத்தார். முள் ஐம்பத்தொன்றுக்கு எகிறியது. மீசையின் முகம் செத்துப்போயிற்று. மூக்கு லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முள்ளை நாற்பத்து மூன்றுக்கு இறக்கினார். நட்டை இறுக்கினார். ட்யூபை மாட்டியதும் முள் முப்பத்தைந்துக்கு இறங்கியது. அதுவரை திணறிக்கொண்டிருந்த என்ஜின் சீராக ஓடியது.

"ஒரு சுத்து போயிட்டு வாங்கம்மா. நாத்தம் போச்சான்னு நீங்கதான் சொல்லணும். எனக்குத் தெரியாது" என்றார். அதை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சொன்ன பிறகு நெஞ்சு லேசானது.

கிளச்சம்மா கார் ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு.

முதலாளி மூக்கின் தோளைத் தொட்டார். "வாசனை திரும்ப வந்துருச்சாப்பா?"

"வரல முதலாளி. வந்திருந்தா நானும் உங்ககூட டாங்குக்கு அடியிலதான் படுத்திருப்பேன்."

காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பூட்ஸை எடுத்து வந்து முதலாளியின் மேஜைமேல் வைத்தார்.

"நான் தொடுற வண்டி ஒவ்வொண்ணுக்கும் பேப்பர் சுத்துவேன். வெல்டிங்க வேற ஆளுகிட்ட குடுங்க, அது நியாயம். ஆனா ஷெட்டுக்குப் போக மாட்டேன். ஆகாதுன்னா சொல்லுங்க, இப்பவே டூல்ஸ எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன்."

முதலாளி பூட்ஸைப் பார்த்தார், பேப்பர் சுருளைப் பார்த்தார். பூட்ஸை எடுத்து மேஜைக்கு அடியில் போட்டார். "திங்கட்கிழமை ரெண்டு வண்டி வருது. நேரத்தோட வந்து சேரு."

வெளியே மீசை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அண்ணே, அந்தப் பேப்பர்ல எனக்கும் கொஞ்சம்..."

"அண்ணனாவது நொண்ணனாவது! மூக்குன்னு கூப்பிடுடா, தர்றேன்."