வேட்டிக்கு ஏற்ற ஜோடு

இருதயராஜ் நல்ல மனுஷன். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தூக்கின மூட்டையைப் பாதியில் இறக்கமாட்டான், குடிக்கமாட்டான், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடமாட்டான். அவனுக்கு இருந்த ஒரே வியாதி வயிற்றெரிச்சல். அதுவும் ஊர் உலகத்தின்மேல் எல்லாம் கிடையாது, ஒரே ஒரு ஆள்மேல். இன்னும் சரியாகச் சொன்னால் அந்த ஆளின் கால்மேல்.

அந்த ஆள் பெயர் ராயப்பன். விழுப்புரம் ஜங்ஷனில் இன்ஜின் ஷெட்டில் பிட்டர். இருதயராஜின் மனைவி சவுரியம்மாளுக்கு இருதயமேரி என்று ஒரு தங்கை இருந்தாள். 1933-ஆம் வருஷம் ராயப்பன் அவளைக் கட்டிக்கொண்டு இவனுக்குச் சகலை ஆனான். கல்யாணம் திண்டிவனத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை தூய வெள்ளை வேட்டி கட்டி, அதற்குக் கீழே ரயில்வேயில் கொடுத்த கறுப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

கோயிலில் தாலி கட்டி முடிந்து சேரிக்குத் திரும்பும்போது ஊர்த்தெருவைத் தாண்டியாக வேண்டும். அந்தத் தெருவில் சேரிக்காரர்கள் காலில் இருப்பதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவன் முதுகில் எழுதிவிடுவார்கள். இருதயராஜும் மற்றவர்களும் பழக்கப்படி குனிந்து செருப்பைக் கழற்றினார்கள். ராயப்பன் கழற்றவில்லை. வேட்டி நுனியை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தபடி டக்டக்கென்று நடந்தான். வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் பூட்ஸைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள். ரயில்வே ஆள், மேலே வெள்ளைக்காரத் துரை இருப்பான், நமக்கெதற்கு வம்பு என்று தோன்றியிருக்க வேண்டும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்த நடையை சவுரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை கண் எடுக்காமல் பார்த்தாள். அவள் பார்த்ததை இருதயராஜ் பார்த்துவிட்டான். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த குப்பம்மாள், சவுரியம்மாளுக்குச் சித்தி முறை, சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாக ஒன்றைச் சொன்னாள்.

"இந்த மாப்ளய மொதல்ல நம்ம சவுரிக்குத்தான் பேசிக்கினு இருந்தாங்க. வேல பெர்மனெண்டு ஆவட்டும்னு அவுங்க வூட்ல இழுத்துக்கினே போனாங்க. அதுக்குள்ள உன் சம்பந்தம் வந்துடுச்சி. இன்னா இருந்தா இன்னா, ரெண்டும் நம்ம வூட்டுப் பொண்ணுங்கதான?"

குப்பம்மாள் அடுத்த கவளத்துக்குப் போய்விட்டாள். இருதயராஜ் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தனக்குக் கிடைத்தது தனக்கென்று பிறந்தது என்று நினைத்திருந்தவனுக்கு, இன்னொருத்தன் தாமதமாக வந்ததால் கிடைத்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அவள் இப்போது மனசுக்குள் என்ன கணக்குப் போடுகிறாள்? ராயப்பனைக் கட்டியிருக்கலாம் என்றா? அதை அவளிடம் கேட்கத் தைரியம் இல்லை. கேட்க முடியாத கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட ஒரு ஜோடு வாங்குவது சுலபம் என்று அவன் புத்திக்குப் பட்டது.

முதலில் சந்தையில் வார் வைத்த தோல் செருப்பு வாங்கினான். புதுச் செருப்பும் வெள்ளை வேட்டியுமாக சவுரியம்மாள் முன்னால் போய் நின்று, "எப்படிக்கீது?" என்றான். "நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டு அவள் கேப்பையைப் புடைக்கப் போய்விட்டாள். ராயப்பனின் பூட்ஸைப் பார்த்த பார்வையில் கால்வாசிகூட இந்தச் செருப்புக்குக் கிடைக்கவில்லை. ஐப்பசி வந்தது. வேட்டி கட்டினவனுக்குச் செருப்பு மழைக்காலத்தில் சத்துரு. ஒவ்வொரு அடிக்கும் பின்பக்கம் சேற்றை வாரி வாரி வேட்டியில் அடித்தது. வீட்டுக்கு வந்து திரும்பி நின்றால் இடுப்புவரை புள்ளி புள்ளியாக இருந்தது.

"பின்னால யாராவது நின்னுக்கினு சேத்த வாரி எறச்சாங்களா? இத எவ தோய்க்கிறது?" என்று அவள் கத்தினாள்.

கல்யாணத்தன்று ராயப்பன் வேட்டியில் ஒரு பொட்டு அழுக்குக்கூட இல்லையே என்று யோசித்தான் இருதயராஜ். பூட்ஸ்தான் காரணம் என்று முடிவு கட்டினான். விழுப்புரம் போன ஒரு சமயம் பழைய பூட்ஸ் ஒன்று வாங்கி வந்தான். அதில் கயிறு மாட்ட வரிசையாகக் கொக்கிகள். மண்டிக்குப் போட்டுக்கொண்டு போன அன்றே, மூட்டையோடு திரும்பும்போது வேட்டிக் கரை கொக்கியில் மாட்டிக்கொண்டது. கரை டர்ரென்று கிழிந்தது. மூட்டையும் அவனுமாகத் தராசுக்கு முன்னால் விழுந்தார்கள். மூட்டை வாய் பிரிந்து மல்லாட்டை சிதறியது. "துரை வுழுந்துட்டாரு, தூக்குங்கப்பா!" என்று மண்டியே சிரித்தது. கொஞ்ச காலத்துக்கு அவனுக்குத் துரை என்றே பெயர்.

ராயப்பனும் கொக்கி வைத்த பூட்ஸ்தானே போட்டான், அவன் மட்டும் ஏன் விழவில்லை? அவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடந்தான். இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்திருப்பவன் வேட்டியை எந்தக் கையால் பிடிப்பது? இதை நினைத்தாலே இருதயராஜுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வரும். வேட்டி நுனியைப் பிடிக்க ஒரு கை சும்மா இருக்கிறது பார், அதுதான் ரயில்வே உத்தியோகம் என்று தனக்குள்ளேயே பொருமுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவனுக்குப் புத்தி தெளிந்தது, அல்லது கெட்டது. சாமியார் பீடத்தின் படியில் ஏறும்போது வெள்ளை அங்கியைச் சற்றே உயர்த்தினார். அடியில் கறுப்பாக, மழமழவென்று, கயிறும் கொக்கியும் இல்லாத ஜோடு. அங்கி அதன்மேல் எவ்வளவு அழகாக விழுந்தது! இடுப்புக்குக் கீழே துணியைத் தொங்கவிடுகிற ஆம்பிளைக்கு இதுதான் என்று அவனுக்குப் பட்டது. பிரசங்கம் எதைப் பற்றி என்று அன்றைக்கு அவனைக் கேட்டிருக்கக் கூடாது.

கோட்டக்குப்பத்திலிருந்து கைலி மூட்டையோடு வாரச் சந்தைக்கு வரும் மொய்தீன் பிச்சையிடம் விவரம் கேட்டான். அவரும் கைலி கட்டுகிறவர், இந்தச் சங்கடமெல்லாம் தெரிந்தவர்.

"அது பம்ப் ஷூ தம்பி. பாண்டிச்சேரியில கெடைக்குது. வேட்டிக்கும் சரி கைலிக்கும் சரி, தடுக்காது, கிழிக்காது. கால நீட்டுங்க, அளவு எடுத்துக்கினு போயி ஜல்தியா கொண்டாந்து தர்றேன்" என்றார்.

மூட்டை கட்டுகிற சணலை அவன் குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். நீளம் சரி. அகலத்தை அவரும் நினைக்கவில்லை, இவனும் நினைக்கவில்லை. சின்ன வயசிலிருந்து வெறுங்காலோடு மூட்டை சுமந்த கால் அது. விரல்கள் ஒன்றையொன்று பார்க்காமல் விலகிப் போயிருந்தன. வந்த ஷூவோ கச்சேரியில் உட்கார்ந்து எழுதுகிற குமாஸ்தாக்கள் காலுக்குத் தைத்தது. விளக்கெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, உள்ளே துணியைத் திணித்து, ஒரு வழியாகக் காலை நுழைத்தான். நுழைந்ததும் வலித்தது. ஆனால் வேட்டி அதன்மேல் சாமியார் அங்கியைப்போலவே விழுந்தது. வலியைப் பற்றி யாருக்கென்ன?

இதை எங்கே போட்டுக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது? நம் ஊரில் ஜோட்டைக் காட்டுவது லேசான காரியம் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்றிவிட வேண்டும். கோயிலிலும் அப்படித்தான். ஊர்த்தெருவில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தன் காலைப் பார்க்கிற இடம் எது? 1940-ஆம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலத்தில் அதற்கு விடை தானாக வந்தது. பெரிய வியாழக்கிழமை, இயேசு தன் பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பாதம் கழுவும் சடங்குக்கு உட்காரவேண்டிய பன்னிரண்டு பேரில் ஒருத்தனாகக் கோயில் உபதேசியார் அந்தோணிசாமி அவன் பெயரைச் சொன்னார். அப்போஸ்தலர் ஆன அன்றே இருதயராஜ் விழுப்புரத்துக்குச் சொல்லியனுப்பினான், சகலையும் மச்சினிச்சியும் அவசியம் வரவேண்டும் என்று.

வந்தார்கள். ராயப்பன் காலைப் பார்த்த இருதயராஜுக்குத் திக்கென்றது. சாதாரண வார்ச்செருப்பு.

"பூட்ஸ் எங்க சகல?"

"அது டூட்டிக்குண்ணே. இந்த வெயில்ல அத யாரு மாட்டிக்கினு பேஜாரு பட்றது? கல்யாணத்தன்னிக்கி வேற இல்லாம போட்டுக்கினேன். கால் கடுத்துப் போச்சி."

ஏழு வருஷமாக யாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்? எதிராளி களத்தை விட்டுப் போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அதற்காக சந்தோஷப்பட்டானா? இல்லை, இன்னும் எரிந்தது. தான் உயிரைக் கொடுத்துத் தேடுகிற ஒன்றை இவன் கால் கடுக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டு வருகிறான். சரி, இருக்கட்டும், இன்றைக்கு சவுரி பார்க்கப் போவது என் காலை மட்டும்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

எல்லோரும் ஊர்த்தெரு வழியாகப் புறப்பட்டார்கள். இருதயராஜ் மட்டும் போகவில்லை. தெருமுனையில் ஷூவைக் கழற்றினால் மறுபடி மாட்ட எண்ணெயும் துணியும் வேண்டும். "நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்" என்று ஏரிக்கரையைச் சுற்றிப் போனான். மூன்று மடங்கு தூரம். பங்குனி வெயில். கரையில் பாதி போனபோது கால் ஷூவுக்குள் உப்புவது தெரிந்தது. கோயில் வாசலில் கழற்றப் பார்த்தான், அசையவில்லை. உபதேசியார் கண்ணை உருட்டினார்.

"இன்னாடா இது, ஜோட்டோட உள்ள வர்றே?"

"சாமியாரே ஷூ போட்டுக்கினுதான பூச வெக்கிறாரு? அவரு கிட்ட வர்றப்ப கழட்டிக்கிறேங்க."

பன்னிரண்டு பேர் பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பதினோரு பேர் வெறுங்கால். கோயில் முழுக்க இருதயராஜ் காலைப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் சவுரியம்மாளும் பார்த்தாள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஒரு நிமிஷம் பாதவலிகூடத் தெரியவில்லை.

சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, வலது காலைக் கழுவிக்கொண்டு வந்தார். இவன் முறை வந்தது. ஷூவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. சாமியார் பொறுமையாக மண்டியிட்டுக் காத்திருந்தார். உபதேசியார் வந்து இழுத்தார். பெஞ்சு நகர்ந்தது, ஷூ நகரவில்லை. பக்கத்து அப்போஸ்தலர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன் எழுந்து வந்தான். ராயப்பன்.

வேண்டாம் என்று சொல்ல இருதயராஜ் வாயெடுப்பதற்குள் அவன் தரையில் உட்கார்ந்து காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டான். "கால இறுக்காதீங்கண்ணே, வுடுங்க" என்று மெதுவாகச் சொன்னான். துருப்பிடித்த மறையாணியைக் கழற்றுகிற கை அது. இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு, ஷூ வந்துவிட்டது. குதிகால் தோலும் கூடவே வந்தது. சாமியார் ஊற்றிய தண்ணீர் தாம்பாளத்தில் சிவப்பாக விழுந்தது. இருதயராஜ் அதைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தான். சவுரியம்மாள் ராயப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடங்கு முடிந்து விருந்தாளிகள் நேரே ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறினார்கள். ராயப்பன் கழற்றிக் கொடுத்த இரண்டு ஷூவையும் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகவே நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தான் இருதயராஜ். சவுரியம்மாள் அவன் குதிகாலில் பூச அம்மியில் மஞ்சள் அரைத்தாள். இதற்குமேல் போக மானம் ஒன்றும் மிச்சமில்லை என்பதால் அவனுக்குத் தைரியம் வந்தது.

"ராயப்பன கட்டிக்கினு இருக்கலாம்னு நீ எப்பனா நெனச்சிருக்கியா?"

அவள் குழவியை நிறுத்தவில்லை.

"நெனச்சேன்" என்றாள்.

இல்லை என்று சொல்வாள், அதை நம்பாமல் இருக்கலாம் என்றுதான் அவன் தயாராக இருந்தான். இதற்குத் தயாராக இல்லை.

"கண்ணாலமான புதுசுல நெனச்சேன். அந்த ஆளு பூட்ஸோட ஊர்த்தெருவுல நடந்தன்னிக்கும் நெனச்சேன். பொய் சொல்லுவானேன்? அப்பறம் களவெட்டு, நடவு, புள்ளைங்க ஜொரம், சளி. எங்க நெனைக்கிறது? எனக்கு அந்த ஆளு மூஞ்சே மறந்து போச்சி." மஞ்சளை வழித்து எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் வுடல. செருப்ப மாட்டிக்கினு வந்து நின்னீங்க, பூட்ஸ மாட்டிக்கினு வந்து நின்னீங்க, இன்னிக்கி இது. நான் மனசுலேர்ந்து போன்னு அனுப்பிச்ச ஆள தெனம் தெனம் கையப் புடிச்சி இட்டாந்து நடு வூட்ல உக்கார வெச்சது நீங்க. ஏழு வருசமா இந்த வூட்ல நான் ஒருத்தி ரெண்டு ஆம்பளைங்களோட குடித்தனம் பண்ணிக்கினு கெடக்கறேன்."

இருதயராஜுக்கு முகம் செத்துப்போனது. ஆனாலும் பாழும் மனசு சும்மா இருக்கிறதா? எந்த வருஷம் மறந்தாய், எந்த மாசம் மறந்தாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால் ராயப்பன் மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான். வாயை மூடிக்கொண்டு காலை அவள் பக்கம் நீட்டினான்.