மாலக்கி டூஹியின் கறைபடாத முதுகு

"என் முதுகுல சாக்பீஸ் வைக்கிற கை இந்தப் பங்குல இன்னும் பொறக்கலைய்யா!" என்று 1904ல், தம் இருபத்தாறாம் வயதில், மதுக்கடையில் நின்று மாலக்கி டூஹி அயர்லாந்தின் லிமெரிக் முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பங்குச் சாமியார் கல்யாணம் செய்துவைக்க மாட்டார். ஆகவே அது தொடங்கும் சாம்பல் புதனுக்குள் ஜோடி சேராதவர்கள் முதல் ஞாயிறு பூசைக்கு வரும்போது, கோட்டு முதுகில் வெள்ளைக் கோடு இழுத்துவிடுவது எங்கள் ஊர்க் குமரிகளின் ஞானக் கடமை. தப்பிக்க மாலக்கி பட்ட பாட்டில் பாதியைப் பெண் தேடுவதில் பட்டிருந்தால் பேரன் எடுத்திருப்பார். வேலியோரமாக நண்டு நடை நடந்து வருவார். பூசை முடியும்வரை பின்சுவரோடு ஒட்டி நிற்பார். இருபத்தேழு வருஷம் ஒரு பொட்டு விழவில்லை. இடையில் வந்த வரன்களில் ஒருத்திக்குப் பசு குறைவு, இன்னொருத்திக்குப் பல் குறைவு என்று தள்ளிவிட்டார்.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயதானபோது தாயார் போய்ச் சேர்ந்தார். உருளைக்கிழங்கு வேகவைக்க ஆளில்லை. உடனே காதல் பிறந்தது. தரகர் ஹேர்ட்டியை ஒரு புட்டி விஸ்கியோடு, நாற்பது தாண்டிய ஹன்னா மின்னோக் வீட்டுக்கு அனுப்பினார்.

"விஸ்கிய குடிச்சிட்டாங்கப்பா," என்றார் திரும்பி வந்த தரகர். "பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. 'ஊர்ல அவர இன்னும் கல்யாணத்துக்கு நிக்கிற ஆளா நெனைக்கிறாங்களா, இல்ல கல்லறைக் கணக்குல சேத்துட்டாங்களா? ஞாயித்துக்கிழமை முதுகப் பாத்துட்டு சொல்றேன்'னு."

தவக்காலத்தின் முதல் ஞாயிறான அன்று மாலக்கி நடுப்பாதையில் வந்தார். கோயில் வாசலில் குமரிகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பூட்ஸ் கயிற்றை மூன்று தரம் கட்டினார்.

"ஏய் பெக், இங்க ஒண்ணு குனிஞ்சு நிக்குதுடி!"

"அது பெருசுடி. இனிமே சவப்பெட்டிதான். சாக்பீஸ வீணாக்காத."

மூன்றாமவள் இரக்கசாலி. "பாவம், இடுப்பு பிடிச்சுக்கிச்சு போல," என்று கைகொடுத்து நிமிர்த்திவிட்டாள்.

பிரசங்கம் தொடங்கியதும் மாலக்கி வெளியே நழுவினார். படியில் கிடந்த சாக்பீஸ் துண்டு ஒன்றைப் பொறுக்கினார். கோட்டைக் கழற்றி, கோயிலை ஒட்டியிருந்த தாயாரின் கல்லறைமேல் விரித்து, ஒரு கோடு இழுத்தார். தள்ளி நின்று பார்த்தார். குறுக்கே இன்னொன்று இழுத்தார். பொடி உதிராதபடி மெல்ல மாட்டிக்கொண்டு உள்ளே போய், ஹன்னாவுக்கு நேர் முன் வரிசையில் முழந்தாளிட்டார்.