வீட்டுக் குரல்

கல்லூரி இறுதி ஆண்டில், குடும்பத்தில் ஒருவரைப் பேட்டி கண்டு படமாக்கித் தர வேண்டும் என்றார்கள். நான் சித்தப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை அவருக்கு. வாயில் ஒரு துண்டு கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு ஒரு கண்ணாடி அறைக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் ‘மைக்கு’.

அவர் தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புவரை வந்த முதல் ஆள் நான்தான் என்பதால், நான் எதைக் கேட்டாலும் படிப்புக்காகத்தான் என்று நம்புவார்கள். அந்தக் குரலைக் காப்பாற்றி வைக்கப் போனேனா, நல்ல மதிப்பெண் வரும் என்று போனேனா? இன்னும் எனக்கே பிடிபடவில்லை.

போனதுமே சித்தி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“ஸ்டாண்டுல பேசுற குரல் எனக்கு வேணாம்மா. அது ஊருக்குப் பேசுறது. வீட்ல என்கிட்ட பேசுவாருல்ல, அதைப் பிடிச்சுக் குடு.”

அந்த வீட்டுக் குரலில் ஒரு துணுக்குகூட அவளிடம் இல்லை. கல்யாண வீடியோவில் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுதான் ஓடும். செல்போனில் பிடிக்கப் பார்த்திருக்கிறாள். போனை நீட்டியதுமே அவர் குரல் மாறிவிடுமாம்.

முன்னறை ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தினேன். பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். பவுடர் போட வேண்டுமா, சித்தியிடம் கேட்டால் மாவுதான் கிடைக்கும் என்று கிண்டலடித்தார். வீட்டில் அவருக்குக் கொஞ்சம் மூக்கால் வரும் குரல். பாதிப் பேச்சில் நின்று வார்த்தையைத் தேடுவார்.

மைக்கைச் சட்டையில் குத்திப் பதிவை ஓடவிட்டேன். கனைத்தார். வலது கட்டைவிரல் நாற்காலியின் கையில் இல்லாத பொத்தான் ஒன்றை அழுத்தியது. முகத்திலிருந்து ஆள் எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது.

வேலையில் எப்படிச் சேர்ந்தார் என்று கேட்டேன். நிலையத்தின் குரல் பதில் சொன்னது. சொல்லி முடித்து, சற்று நிறுத்தி, அதையே மறுபடியும் சொன்னது. எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்வது அங்கே வழக்கம். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சித்தியோடு எப்படிப் பழக்கம் என்று கேட்டேன்.

“பழுப்பு நிறக் கைப்பை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. உரியவர் நேரில் வந்து அடையாளம் கூறிப் பெற்றுக்கொண்டார். பின்னர் திருமணம் நடைபெற்றது.”

இரண்டாம் முறையும் அதே இழுப்பு, மூச்சு வாங்கியதும் அதே இடத்தில். பதிவு செய்ததைத் திரும்ப ஓட்டியதுபோல இருந்தது. சும்மா என்னிடம் பேசச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் பார்வை என் தோளைத் தாண்டி, சுவரையும் தாண்டி, அங்கே கூட்டம் நிற்பதுபோல் நிலைத்திருந்தது.

“பயமா இருக்கா சித்தப்பா?”

நான் எழுதி வைத்திருந்த கேள்விகளில் இது இல்லை. கட்டைவிரல் அழுத்தியது.

“பயணிகளின் கவனத்திற்கு. பச்சைக் கட்டம் போட்ட சட்டை, வயது ஐம்பத்து நான்கு, ஒல்லியான தேகம். இந்த அடையாளங்கள் உள்ளவர் எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும். அவருடைய மனைவி இங்கே காத்திருக்கிறார்.”

இரண்டாம் முறைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. வாய் திறந்தபடி அவரும் யாருக்காகவோ காத்திருந்தார்.

எவ்வளவு நேரமாகக் கதவருகே நின்றிருந்தாளோ, சித்தி உள்ளே வந்தாள். மைக்கைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அந்த முகத்துக்கு ஆள் மெல்லத்தான் திரும்பி வந்தார்.

“இந்தா... டீ ஆறிப்போச்சு பாரு. அதை, அந்த... சூடு பண்ணேன்.”

பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் படம் நன்றாக எடுபட்டது. அவருக்கு நடிக்கச் சொல்லிக் கொடுத்தாயா என்று பேராசிரியர் கேட்டார். பேருந்து நிலையத்தில் அவருடைய பழைய பதிவுகளை வைத்தே இன்னும் அறிவிப்பு நடக்கிறது. அந்தக் கடைசித் துண்டை மட்டும் தனியே வெட்டிச் சித்தியின் போனில் போட்டுக் கொடுத்தேன்.

சித்தப்பா அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். உள்ளறையில் உட்கார்ந்து நானும் சித்தியும் முதல்முறை கேட்டோம். உள்ளங்கைக்குள் பொத்திப் பதிவான குரல். வார்த்தைகள் கரைந்து, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் வந்தது. சித்தி அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

கழுத்தில் கட்டுத்துணியோடு சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் தேடினார். பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஊருக்குப் பேசிய குரலைத்தான் அவர் காலமெல்லாம் ஒலிபெருக்கி வழியே வெளியிலிருந்து கேட்டிருக்கிறார். தன் வீட்டுக் குரலை அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. யார் வந்திருப்பது என்று கையால் கேட்டார்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தெரிஞ்சவங்கதான்,” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு முன்னறைக்குப் போய், இன்னொரு நாற்காலியைத் துடைத்துத் தன் நாற்காலிக்கு எதிரே போட்டார்.